கம்பெனிக் கணக்குப்பிள்ளையின் குரல்

ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் நாள். 1919-ல் அன்றைக்குத்தான் சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. வருஷா வருஷம் அன்று சாயங்காலம் தூத்துக்குடியில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். ஓய்வு பெற்ற போசன் (கப்பலின் மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி) ஒருவர், என்ஜின் அறையில் முப்பது வருஷம் வெந்துவிட்டு வந்த இரண்டு பேர், தோணியில் ஓடி முழங்கால் போன கிழவர்கள், என்னைப் போலக் கரையிலேயே இருந்து கடலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிற ஓரிருவர். இந்த வருஷம், இரண்டு உலகப் போர்களிலும் கடலில் செத்த இந்தியக் கப்பல்காரர்களுக்காக இரண்டு நிமிஷம் எழுந்து நின்றோம். கிழவர்களால் அவ்வளவு நேரம் நிற்க முடியவில்லை. ஒன்றரை நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான்.

இதற்கு ஐந்து பக்கத்தில் மறுப்பு எழுதியிருக்கிறார் ஒருவர். பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்கு அது விளம்பரம், எனக்கு வீண் பகை. அவர் சொல்வதன் சாரம் இது. செத்தவர்கள் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிகளில் கூலிக்குச் சேர்ந்தவர்கள். சாம்ராஜ்யத்தின் போரில் சாம்ராஜ்யத்தின் சரக்கைச் சுமந்தவர்கள். கையில் ஆயுதம் கிடையாது, ஆகவே அவர்கள் சாவு விபத்து, வீரம் ஆகாது. தமிழர்களும் அவர்களில் மிகக் குறைவு. வ.உ.சி. கப்பல் விட்ட ஊரில் நின்றுகொண்டு வெள்ளைக்காரன் கப்பலில் மாண்ட கூலிகளுக்கு மரியாதை செய்வது வெட்கக்கேடு.

வெட்கம் என்ற சொல்லை அவர் தொட்டிருக்க வேண்டாம்.

கூலியிலிருந்தே தொடங்குகிறேன், அவருடைய மொத்தக் கட்டடமும் அந்த ஒற்றைத் தூணில்தான் நிற்கிறது. கூலி வாங்கியவன் சாவுக்கு மதிப்பில்லை என்றால் சம்பளம் வாங்காத ராணுவம் எது என்று அவர் காட்ட வேண்டும். சிப்பாய்க்குச் சம்பளம் உண்டு, பென்ஷன் உண்டு, செத்தால் வீட்டுக்குப் பணம் உண்டு. அவன் சிலைக்கு மாலை போடுகிறபோது யாரும் அவனுடைய சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை. தீயணைக்கப் போய் வெந்து சாகிறவனும் மாசம் பிறந்தால் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கியவன்தான். கட்டுரையாளரும் அந்த ஐந்து பக்கத்துக்குச் சன்மானம் வாங்கியிருப்பார். அதனால் அவருடைய கொள்கை விலைக்கு எழுதியது என்று நான் சொல்ல மாட்டேன். கொள்கையே மோசம், அது வேறு விஷயம்.

அந்தக் கூலி எவ்வளவு என்றாவது அவர் விசாரித்தாரா? லஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்தியக் கப்பல்காரனுக்கு அதே கப்பலில் அதே வேலை செய்த வெள்ளைக்காரனின் சம்பளத்தில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்றுதான். படுக்கிற இடம்கூடக் குறைவு. சட்டத்திலேயே அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். கப்பலில் இடம் கிடைக்க ஆள்பிடிக்கும் செராங்குக்கு லஞ்சம் அழ வேண்டும். கல்கத்தாவிலோ பம்பாயிலோ கப்பலுக்காகக் காத்துக் கிடந்த மாசங்களுக்கு விடுதிக்காரனிடம் கடன் ஏறியிருக்கும். கையெழுத்து வைக்கும்போதே பாதிச் சம்பளம் அடுத்தவன் மடிக்குப் போயிருக்கும். இன்னொன்றும் உண்டு. 1894-ஆம் வருஷத்துப் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டப்படி, கப்பல் முழுகினால் மாலுமியின் சம்பளம் அந்த நிமிஷத்தோடு நின்றுவிடும். பிற்பாடு வந்த திருத்தங்கள் கொஞ்சம் ஈடு சேர்த்தன. போர் மும்முரமான பிறகு, 1941-ல்தான் பிரிட்டிஷ் மாலுமிகளுக்கே இதில் ஓரளவு நியாயம் கிடைத்தது. இப்படிப்பட்ட கூலியைக் காட்டித்தான், அவன் விலைக்குப் போனான் என்கிறார் இவர். போன விலை கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாரோ என்னவோ.

இந்த வாதத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் தாய்மாமன் தோணியில் தண்டலாக இருந்தவர். தோணிக்குத் தலைவனைத் தண்டல் என்பார்கள். லஸ்கர்களில் தலைவனான செராங்குக்கு அடுத்தவனுக்கும் அதே பெயர்தான், டிண்டல் என்று ஆங்கிலக் கணக்குப் புத்தகங்களில் ஏறியிருக்கிறது. மாமா ஒருமுறை கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனபோது காற்றில் மாட்டி, சுக்கான் உடைந்து, பாய் கிழிந்து, ஒரு பையனைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டு நாலாம் நாள் கரை சேர்ந்தார். அந்தப் பையனுக்கு மீசைகூட அரும்பவில்லை. தோணிக்காரர் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, சரக்கு நனைந்துவிட்டதா என்பது. பையனைப் பற்றிச் சொன்னபோது, முன்பணம் எவ்வளவு வாங்கியிருந்தான் என்று நோட்டைப் புரட்டினார். அந்த முன்பணத்தைப் பையனுடைய அம்மா அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். மாமா போய் அவளிடம் அதைத் திருப்பிக் கேட்க மறுத்ததில், அடுத்த பருவத்துக்கு அவருக்கே தோணி இல்லாமல் போயிற்று.

கூலி கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது: இது முதலாளி பேசுகிற பேச்சு. 1917-ல் லண்டனில் கப்பல் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளையும் இதைத்தான் பேரேட்டில் எழுதினான். கட்டுரையாளர் ஏகாதிபத்திய எதிர்ப்பாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்கிறார். எதிர்த்துக்கொண்டே போய் எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

வ.உ.சி.யை இழுத்திருக்கிறார். இழுத்தது நல்லதாய்ப் போயிற்று. சுதேசிக் கம்பெனியின் ‘காலியா’விலும் ‘லாவோ’விலும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவன் சம்பளம் வாங்காமலா போட்டான்? அது போகட்டும். 1908 பிப்ரவரி, மார்ச்சில் வ.உ.சி. என்ன செய்துகொண்டிருந்தார் என்று இந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். கோரல் மில் தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்திக்கொண்டிருந்தார். கூலி உயர்வும் வாராந்திர விடுமுறையும் கேட்டுத்தான் அந்தப் போராட்டம். மில் யாருடையது? வெள்ளைக்காரனுடையது. வெள்ளைக்காரன் மில்லில் கூலிக்கு மாரடித்தவர்களைப் பார்த்து, சுயமரியாதை இல்லாதவர்களே என்று வ.உ.சி. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர்களோடு போய் நின்றார். அவர் சிறைக்குப் போன கதையில் அந்த மில் வாசலும் ஒரு படி. கட்டுரையாளர் கையில் இருக்கிற வ.உ.சி. அஞ்சல் தலையில் இருக்கிற வ.உ.சி.

லஸ்கர்கள் தலையைக் குனிந்துகொண்டே செத்தவர்களும் அல்ல. 1939 செப்டம்பரில் போர் மூண்டதுமே பிரிட்டிஷ் துறைமுகங்களில் கிடந்த கப்பல்களில் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். டார்பிடோவுக்கு எங்கள் உடம்பும் அவர்கள் உடம்பும் ஒன்றுதான், சம்பளத்தை இரட்டிப்பாக்கு, போர்ப்படி கொடு என்று கேட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அப்படியும் அவர்கள் மசியவில்லை. கடைசியில் கம்பெனிகள்தான் இறங்கி வந்து சம்பளத்தை உயர்த்தின. அந்நிய நாட்டில், அந்தக் குளிரில், போர்க்காலச் சட்டத்துக்கு நடுவே, வக்கீல் இல்லாமல் இதைச் செய்தவர்களைத்தான் அடிமைகள் என்கிறார் இவர். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அவர் எழுதியதில் இதைவிடத் துணிச்சலான வரி ஒன்று இருந்தால் காட்டட்டும்.

ஆயுதம் ஏந்தாதவன் வீரன் இல்லையாம். நாட்டைக் காத்தது துப்பாக்கி மட்டும்தான் என்று நம்புகிறவர்கள் சினிமா பார்த்தே போரைப் படித்தவர்கள். அட்லாண்டிக் கடலில் நடந்த போர் கோதுமைக்கும் எண்ணெய்க்கும் இரும்புக்குமான போர். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தேடி வந்தது போர்க்கப்பலை விடச் சரக்குக் கப்பலைத்தான். பிரிட்டனின் வணிகக் கப்பல்காரர்கள் அந்நாட்டின் முப்படைகளையும்விட அதிக விகிதத்தில் செத்தார்கள். அந்த வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் லஸ்கர். முதல் போரில் செத்த லஸ்கர்கள் 3,427 பேர், இரண்டாம் போரில் சுமார் 6,600 பேர்.

இதில் கீழே வேலை செய்தவன் நிலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நீர்மூழ்கிக்காரன் குறி வைப்பது கப்பலின் நடுவயிற்றுக்கு, அங்கேதான் என்ஜினும் கொதிகலனும் இருக்கின்றன. லஸ்கர்களில் பெரும்பங்கு அங்கேதான் நின்றது. சில்ஹட் பக்கத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வேலைக்குப் போனவர்கள். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி. நீர்மட்டத்துக்குக் கீழே, தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல். அடிபட்டால் மேலே போக ஒரே ஒரு இரும்பு ஏணி, அதுவும் நீராவிக்குள்ளே. கப்பல்காரர்கள் சரக்கைப் பார்த்துத் தூங்கும் இடத்தைத் தீர்மானிப்பார்களாம். மரம் ஏற்றிய கப்பலென்றால் அறைக்குள் சட்டையைக் கழற்றிவிட்டே படுக்கலாம், உடனே முழுகாது. இரும்புத்தாது ஏற்றியதென்றால் மேல்தளத்திலேயே உடுப்போடு படுப்பது, அடிபட்டால் நிமிஷங்கள்தான் மிச்சம். பெட்ரோல் கப்பலில் எங்கே படுத்தாலும் ஒன்றுதான். கொதிகலன் அறைக்காரனுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவன் வேலை நேரம் வந்தால் எந்தச் சரக்கானாலும் ஏணியில் கீழே இறங்க வேண்டும். முந்தின ராத்திரி பக்கத்துக் கப்பல் எரிந்து முழுகுவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை அதே ஏணியில் இறங்குகிறவனுக்கு என்ன பெயர் வைக்கலாம்? துப்பாக்கி பிடித்திருந்தால் வீரன். மண்வெட்டி பிடித்திருந்ததால் விபத்து.

அவருடைய கட்டுரையில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் இனிமேல்தான். கப்பல் முழுகும்போது லஸ்கர்கள் கலவரப்பட்டுப் படகுகளுக்குள் பாய்ந்தார்கள், பிறகு மரக்கட்டைபோல உட்கார்ந்திருந்தார்கள் என்று வெள்ளைக்காரப் பயணிகள் எழுதி வைத்திருப்பதை, கேள்வியே இல்லாமல் எடுத்துப் போட்டிருக்கிறார். சாம்ராஜ்யம் தன்னைப் புகழ்ந்து எழுதியதெல்லாம் இவருக்குப் பொய். இந்தியனை இகழ்ந்து எழுதியது மட்டும் சத்தியம்.

‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ என்ற கப்பலை எடுத்துக்கொள்வோம். பெயரில் காசி, சொந்தக்காரர் எல்லர்மன் கம்பெனி. 1940 செப்டம்பர் 13-ஆம் தேதி லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. குண்டுவீச்சுக்குத் தப்பிக்க அனுப்பப்பட்ட 90 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். 17-ஆம் தேதி இரவு, காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் விட்டுப் போன பிறகு, ‘யு-48’ என்ற நீர்மூழ்கி அதை அடித்தது. புயல்காற்று, ஆலங்கட்டி மழை, கொந்தளிக்கும் கடல். அரை மணி நேரத்தில் கப்பல் முழுகிவிட்டது. 90 பிள்ளைகளில் 77 பேர் செத்தார்கள். எண்பத்தைந்து வருஷம் கழித்தும் படிக்கிறவன் நெஞ்சைப் பிசைகிற சாவு அது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதே ராத்திரி, அதே தண்ணீரில், லஸ்கர்கள் நூறு பேர் அளவில் செத்தார்கள். பருத்தி உடுப்பில், வெறுங்காலோடு, படுக்கையிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் என்ஜின் அறையிலிருந்தும் நேராகக் குளிருக்குள் வந்தவர்கள். படகுக்குள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே பல பேர் விறைத்துப் போனார்கள். மரக்கட்டைபோல உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியவர்கள் பார்த்தது இதைத்தான். குளிரில் சாகிறவன் கூச்சல் போட்டுக்கொண்டா சாவான்? பேச்சு குழறும், தூக்கம் வரும், பிறகு ஆட்டமே இருக்காது. அது கோழைத்தனம் என்றால், இமயத்தில் பனியில் உறைந்து சாகிற நம் சிப்பாய்களைப் பற்றியும் அவர் இதையே எழுதிப் பார்க்கட்டும். அடுத்த இதழில் வாசகர் கடிதம் எப்படி வருகிறது என்று நானும் பார்க்கிறேன்.

அந்தக் கப்பலின் பன்னிரண்டாம் படகு யார் கண்ணுக்கும் படாமல் தப்பிவிட்டது. அதில் 46 பேர்: ஆறு பையன்கள், அவர்களைப் பார்த்துக்கொண்ட மேரி கார்னிஷ் என்ற இசை ஆசிரியை, ஒரு பாதிரியார், சில வெள்ளைக்கார மாலுமிகள். மிச்சமிருந்த பெரும்பாலோர் லஸ்கர்கள். எட்டு நாள் அட்லாண்டிக்கில் கிடந்தார்கள். சாப்பாடு ஒரு பிஸ்கட்டும் அதன்மேல் ஒரு மத்தி மீனும், குடிக்க ஒரு சின்னக் குவளைத் தண்ணீர். அந்தப் படகுக்குத் துடுப்பு இல்லை. இருக்கைகளுக்கு நடுவே இருக்கிற இரும்புக் கைப்பிடிகளை முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் அடியில் விசிறி சுழலும். ஆறு பிள்ளைகளும் ஒரு பெண்ணும் இருக்கிற படகில் அந்தக் கைப்பிடிகளை யார் இழுத்திருப்பார்கள் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம், எண்ணிப் பார்த்தால் போதும். எட்டாம் நாள் ஒரு சண்டர்லேண்ட் கடல்விமானம் அவர்களைக் கண்டது, ‘அந்தோனி’ என்ற போர்க்கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. பத்திரிகைகள் பையன்களையும் ஆசிரியையையும் கொண்டாடின, கொண்டாட வேண்டியவர்கள்தான். கைப்பிடி இழுத்தவர்களின் பெயரைக் கேட்டு எத்தனை நிருபர்கள் நோட்டைத் திறந்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் பெரிய யூகம் தேவையில்லை. அன்று அவர்களை விட்டுவிட்டது லண்டன் பத்திரிகை. இன்று தமிழில் விடுவதற்கு ஒருவர் முன்வந்திருக்கிறார்.

சாம்ராஜ்யத்தின் போர் என்கிற வாதம் இருக்கிறதே, அதில் பாதி எனக்கும் உடன்பாடு. சாம்ராஜ்யத்தின் போர்தான். யாரும் இந்தியனைக் கேட்டுவிட்டுப் போரில் இறங்கவில்லை. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. முப்பது லட்சம் பேர் வரை செத்ததாக மதிப்பிடுகிறார்கள். லஸ்கர்கள் கிளம்பி வந்த நவகாளியும் சிட்டகாங்கும் அந்தப் பஞ்சத்தில் மோசமாக அடிபட்ட ஜில்லாக்கள். மகன் அட்லாண்டிக்கில் அடுத்த நாட்டுக்குக் கோதுமை போகிற கப்பலுக்குக் கரி தள்ளிக்கொண்டிருக்க, தாய் ஊரில் கஞ்சிக்குக் கையேந்தினாள். சாம்ராஜ்யத்தைக் கூண்டில் ஏற்ற இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அந்தச் சாட்சியைத்தான் கட்டுரையாளர் கோர்ட் வாசலிலேயே விரட்டுகிறார், நீ கூலி வாங்கினவன், உள்ளே வராதே என்று.

கெட்ட பக்கம் நின்று செத்தவனுக்கு மரியாதை கூடாது என்பது கொள்கையானால், கர்ணனை என்ன செய்வது? அவன் நின்றது யார் பக்கம்? செஞ்சோற்றுக் கடன் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சாவுக்காக நாம் எத்தனை தலைமுறையாக அழுதுகொண்டிருக்கிறோம். கூத்துமேடையில் கர்ணமோட்சம் விடிய விடிய நடக்கிறது. கர்ணனுக்காவது அங்கதேசம் கிடைத்தது. லஸ்கருக்குக் கிடைத்தது எஜமானின் செஞ்சோறுகூட அல்ல, தன் வேலைக்கான சம்பளத்தில் கால்பங்கு. அவன் யாருக்கும் கடன்படவில்லை. அவனுக்குத்தான் பாக்கி.

நடுகல் என்ற சொல்லையும் எங்கள் மேல் கேலியாக எறிந்திருக்கிறார், தமிழன் நடுகல் நட்டது மாவீரர்களுக்கு என்று. ஐயா, நடுகற்களைக் கொஞ்சம் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு நட்டவை. எத்தனையோ கற்களில் செத்தவன் இன்னாருடைய சேவகன் என்றே எழுதியிருக்கிறது. சேவகன் என்றால் ஒருவரிடம் வேலைக்கு இருந்தவன். செங்கத்துக்குப் பக்கத்தில் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் நட்ட கல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் மாண்டவன் ஒருவனுக்கு நட்டது. அவன் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளர் இரண்டு பேரைக் கடித்துக் காவலிருந்தது என்று அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோவிவன் என்பது பெயர். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டையில் செத்த சேவலுக்கே கல் இருக்கிறது. நாய்க்கும் கோழிக்கும் பெயர் சொல்லிக் கல் நட்ட சனம், மனுஷனுக்கு இரண்டு நிமிஷம் எழுந்து நின்றால் மரபு கெட்டுவிடுமாம்.

தமிழர் குறைவு என்பது உண்மை. லஸ்கர்களில் மிகப் பலர் சில்ஹட், சிட்டகாங், நவகாளி, கோவா, ரத்னகிரி, கத்தியவார், பஞ்சாப் பக்கத்தவர்கள். அந்தச் சொல் நமக்கு அந்நியமா என்றால் அதுவும் கிடையாது. காவிரிப் பாசனத்தில் வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற பொதுப்பணித் துறை ஊழியருக்கு லஸ்கர் என்றுதான் பெயர். நடுராத்திரி வெள்ளம் வந்தால் ஷட்டரைத் தூக்கப் போகிறவர் அவர். எந்தக் கப்பலிலிருந்தோ இறங்கி வந்த சொல் நம் வயல்வரப்பில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்காகவாவது அதன் சொந்தக்காரனை விசாரிக்கலாம்.

சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ வந்து குண்டு போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன, ஊரே மூட்டை கட்டியது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அதற்குக் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். நான் பார்க்கப் போன அன்று அதை மறைத்தபடி ஒரு ஸ்கூட்டர் நின்றது. எம்டன் தமிழுக்குள் சொல்லாகவே புகுந்துவிட்டது. சரியான எம்டன்டா அவன் என்று பாட்டிமார்கூடச் சொல்வார்கள். நம்மை அடித்த கப்பலுக்கு மொழியில் இடம் கொடுத்தோம். குண்டு விழுந்த இடத்துக்குக் கல் வைத்தோம். அந்த எம்டன் அந்த ஒரு பயணத்தில் பிடித்ததும் முழுக்கியதுமாக இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள். அதன் கேப்டன் மூலர் முழுக்குவதற்கு முன்னால் கப்பல்காரர்களை இறக்கிப் பத்திரமாக அனுப்பி வைத்தவர் என்று பெயரெடுத்தார். பகையாளிக்கு இருந்த அந்த மரியாதையாவது நம் கட்டுரையாளருக்கு இருந்திருக்கலாம்.

கல்கத்தாவில், பிரின்செப் படித்துறையிலிருந்து நடந்தால் லஸ்கர்களுக்கான நினைவுத்தூண் வரும். முதல் போரில் செத்தவர்களில் 896 பேருக்காக 1924-ல் லிட்டன் பிரபு திறந்து வைத்தது. நாலு பக்கமும் நாலு கப்பலின் முகப்பு துருத்திக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரன் கட்டியது, அதில் சாம்ராஜ்யத்தின் பெருமிதமும் கலந்திருக்கிறது, மறுக்கவில்லை. லண்டனில் டவர் ஹில்லில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்காரர்களின் பெயர்கள் கப்பல் வாரியாக வெண்கலத்தில் பொறித்திருக்கின்றன. அதே கப்பல்களில் செத்த லஸ்கர்களின் பெயர் அங்கே ஏறவில்லை. இரண்டாம் போரில் செத்தவர்களுக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஒரே மாதிரியான இரண்டு பெயர்ப் புத்தகங்கள் இருக்கின்றன. இந்தியக் கடற்படைக்காரர்களும் வணிகக் கப்பல்காரர்களுமாக ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். வெள்ளைக்காரனுக்கு வெண்கலம், நமக்குக் காகிதம். இந்த அநியாயத்தைக் கேட்டு ஐந்து பக்கம் எழுதியிருந்தால் நானே போய்ப் பிரதி எடுத்து விநியோகித்திருப்பேன். அவருக்கோ காகிதமும் அதிகமாகப் படுகிறது.

பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2024 மார்ச் 6-ஆம் தேதி ஏடன் வளைகுடாவில் ‘ட்ரூ கான்பிடென்ஸ்’ என்ற சரக்குக் கப்பல் மேல் ஏவுகணை விழுந்தது. கப்பல்காரர்கள் மூன்று பேர் செத்தார்கள். மிச்சமிருந்தவர்களைப் படகிலிருந்து மீட்டது நம்முடைய ஐ.என்.எஸ். கொல்கத்தா. செத்த மூவருக்கும் எந்தப் போரிலும் பக்கம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, ஒப்பந்தமும் சம்பளமும் மட்டும் உண்டு. எங்கள் தெருவில் மட்டும் இந்த நிமிஷம் ஏழு பையன்கள் கப்பலில் இருக்கிறார்கள். செங்கடல் பக்கம் போகிறதா இல்லையா என்று வாட்ஸ்அப்பில் கேட்டால் தெரியாதும்மா என்று ஒரு பையன் அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்புகிறான். பின்னால் என்ஜின் சத்தம் கேட்கிறது. நாளைக்கு அவனுக்கு ஒன்று ஆனால், மாசம் இவ்வளவு வாங்கினானே என்று அவள் வாசலில் போய்ச் சொல்லக் கட்டுரையாளர் தயாரா?

அடுத்த ஏப்ரல் 5 சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் மறுபடி கூடுவோம். அவரும் வரலாம். கிழவர்கள் யாரையும் அடிக்க மாட்டார்கள், முழங்கால் ஒத்துழைக்காது. அந்த ஓய்வு பெற்ற போசனுக்குப் பக்கத்து நாற்காலியைப் போட்டு வைக்கிறோம். அவர் ஈரான்-ஈராக் போர்க்காலத்தில் வளைகுடாவில் எண்ணெய்க் கப்பலில் இருந்தவர். இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வேறு நிறத்தில் இருக்கும். எப்படி ஆயிற்று என்று கேட்டால் சொல்ல மாட்டார், எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் சொல்வார்.